குளம், சானல், கிணறு, விளை: குமரி மாவட்டத்தில் தண்ணீரையும் நிலத்தையும் மீட்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே கிடைக்கிற மாவட்டம் கன்னியாகுமரி. இருந்தும் ஏப்ரல் பிறந்தால் மேட்டு விளைகளில் (தோட்ட நிலங்களில்) கிணறு வற்றுகிறது, கடலோர ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைவரம்பு வயல் காய்கிறது. ஊர்க் கூட்டங்களிலும் குளத்தங்கரைப் பேச்சிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இவ்வளவு மழை பெய்தும் கோடையில் ஏன் கிணறு வற்றுகிறது?

மலைக்கும் கடலுக்கும் நடுவே நமக்கு இருக்கும் தூரம் மிகக் குறைவு. நிலமோ சரிவு. மேலே பெய்கிற மழையை யாரும் நிறுத்தாவிட்டால் அன்றைக்கே கடலுக்குப் போய்விடும். அதை நிறுத்தத்தான் முன்னோர்கள் ஆற்றில் அணை, அணையிலிருந்து சானல் (வாய்க்கால்), சானலிலிருந்து குளம், குளத்துக்குக் கீழே வயல் என்று படிப்படியாகக் கட்டி வைத்தார்கள். குமரி மாவட்டத்தில் 2,000க்கும் மேற்பட்ட குளங்கள் உண்டு. ஒரு குளம் நிரம்பி வழியும் மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். இப்படித் தண்ணீர் ஒவ்வொரு படியிலும் தங்கித் தங்கித்தான் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

உங்கள் கிணற்றில் ஊறுவது அப்படித் தங்கிய தண்ணீர்தான். ஒரு ஏக்கர் வயலில் நான்கு அங்குலம் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த ஏலாவில் (வயல்வெளியில்) வருடத்தில் பல மாதங்கள் இந்தத் தண்ணீர் நின்றது. அதைச் சுற்றியிருந்த வீட்டுக் கிணறுகள் தாமாகவே நிறைந்தன. இன்றைக்கு அந்த ஏலாவில் பாதி தென்னையும் வாழையும், மீதியில் வீட்டு மனையும் என்றால், கிணறு யாரை நம்பி ஊறும்? மழை குறைந்துவிட்டது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நான் முதலில் கேட்பது, அந்த மழை நிற்க இடம் இருக்கிறதா என்பதைத்தான்.

சானலில் தண்ணீர் வரும் மாதங்களில் மட்டும் எங்கள் கிணறு உயர்ந்து நிற்கிறது. சானலுக்கும் கிணற்றுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நேரடியான தொடர்பு. கோதையாறு பாசனத்தில் வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் அணை திறந்து பிப்ரவரி கடைசிவரை தண்ணீர் விடுவார்கள். பேச்சிப்பாறை அணை திருவிதாங்கூர் காலத்தில், 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. பெருஞ்சாணியும் சிற்றாறு அணைகளும் அதற்குப் பிறகு வந்தவை. தோவாளை சானல், அனந்தனார் சானல், நாஞ்சில்நாடு புத்தனார் சானல், பத்மநாபபுரம் புத்தனார் சானல், சிற்றாறு பட்டணங்கால் என்று கிளை கிளையாகப் பிரிந்து இந்தத் தண்ணீர் ஊருக்குள் வருகிறது. 1966இல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம் பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் பட்டணங்கால் தண்ணீரை ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குக் கொண்டுபோகிறது. சுற்றுலாப் பயணிகள் நடந்து பார்க்கும் அந்தப் பாலத்தை நம்பித்தான் மேற்குப் பக்கத்தில் எத்தனையோ குளங்களும் கிணறுகளும் இருக்கின்றன.

மண் சானல் போகிற வழியெல்லாம் கசிந்துகொண்டே போகும். அந்தக் கசிவு கிணறுகளுக்கு ஊற்று. மார்ச்சில் சானல் அடைத்ததும் கரையோரக் கிணறுகள் இறங்குவது இதனால்தான். ஆகவே சானல் முழுவதையும் அடியோடு சிமென்ட் போட வேண்டும் என்ற கோரிக்கையை யோசித்துத்தான் வைக்க வேண்டும். கடைவரம்புக்குத் தண்ணீர் எட்ட வேண்டும் என்ற விவசாயியின் கவலை நியாயமானது. உடையும் இடங்களிலும் மணல் பாங்கான இடங்களிலும் தளம் போடலாம். ஆனால் ஊருக்கு நடுவே போகும் நீளம் முழுக்கத் தளம் போட்டால் இரு கரையிலும் கிணறு வற்றும். தண்ணீர் கடைசிவரை போகாததற்குப் பெரிய காரணம் புதரும் குப்பையும் உடைந்த ஷட்டரும்தான். அதைச் சரிசெய்ய சிமென்ட் தேவையில்லை.

எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வார வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

குளத்திலிருந்து தொடங்காதீர்கள். குளத்துக்கு வரும் ஓடையிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் வரும் வழி அடைந்து கிடக்கும்போது குளத்தை எவ்வளவு ஆழமாக்கினாலும் அது வெறும் பள்ளம்தான். வி.ஏ.ஓ.விடம் கிராம வரைபடத்தையும் நில விவரம் உள்ள அ-பதிவேட்டையும் பார்த்து, குளத்தின் புல எண், பரப்பு, வரத்து ஓடை, மறுகால் ஓடை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஊரில் வயதானவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாக நடந்து பாருங்கள். எந்த மடை யாருடைய மதிலுக்குள் போய்விட்டது, எந்தக் குழாய்ப்பாலம் மண்மூடிக் கிடக்கிறது என்பது வரைபடத்தில் இருக்காது. அவருக்குத் தெரியும்.

அடுத்தது, குளம் யாருடையது என்று கேட்க வேண்டும். ஆயக்கட்டு (பாசனம் பெறும் வயல்) உள்ள பாசனக் குளங்கள் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கும். சிறிய குளங்கள் ஊராட்சி ஒன்றியத்திடமோ பேரூராட்சியிடமோ இருக்கும். அனுமதி இல்லாமல் ஜே.சி.பி.யை இறக்கினால் நல்ல எண்ணத்தோடு செய்தாலும் வழக்கு வரும்.

தோண்டும்போது கவனிக்க வேண்டியவை நிறைய. கரையை ஒட்டித் தோண்டக் கூடாது, கரை உட்கார்ந்துவிடும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய ஆழத்தில் நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. கிணறுகளுக்கு அது உதவும், சரி. ஆனால் ஆயக்கட்டுக்காரர்களிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். குளத்தின் அடியில் வண்டலுக்குக் கீழே களிமண் அடுக்கு ஒன்று இருக்கும். அதுதான் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது. அதையும் கிழித்து, கீழே இருக்கும் சரல் (சரளை மண்) வரை போனால் மழை முடிந்த சில வாரங்களில் குளம் காலியாகும். கடற்கரைக்குப் பக்கத்தில் உள்ள குளத்தில் இன்னும் ஆழம் போனால் உப்பு ஊறும்.

ஒரு பகுதியையாவது ஆழமில்லாமல் விடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சுசீந்திரம் – தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. வெளிநாட்டிலிருந்து வரும் கரையோரப் பறவைகளுக்கு முழங்கால் ஆழத் தண்ணீரும் சேறும்தான் தேவை. நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டி, கருங்கல் கட்டி, நடுவே ஒரே ஆழமாக ஆக்கிய குளத்தில் அவற்றால் இரை தேட முடியாது. மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கவும் முடியாது. குழந்தை தவறி விழுந்தால் ஏறி வரவும் வழியில்லை.

தூர்வாரும் வண்டலை நாங்களே எடுத்துக்கொள்ளலாமா?

விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் அரசு அறிவித்த குளங்களிலிருந்து இலவசமாக எடுக்கலாம். 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி கொடுக்க விதி மாற்றப்பட்டது. நஞ்சை நிலத்துக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்பது அளவு. பட்டாவும் அடங்கலும் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

சரல் மண் நிலத்தில் உள்ள தென்னைக்கும் வாழைக்கும் வண்டல் அருமையான சத்து. அதைவிட முக்கியம், தண்ணீரைப் பிடித்து வைக்கும் தன்மை மண்ணுக்குக் கிடைக்கிறது. ஆனால் கழிவுநீர் சேரும் குளத்து வண்டலை அப்படியே போடாதீர்கள். மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு மாதிரி கொடுத்துப் பாருங்கள். இந்த அனுமதியைக் காட்டி வண்டலை எடுத்து வயலையே நிரப்பி மனை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். குளத்து மண்ணை எடுத்து ஏலாவை மூடுவதைவிடப் பெரிய அநியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஊர்க்காரர்கள் லாரி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

குளம் முழுக்க ஆகாயத்தாமரை. மருந்து அடிக்கலாமா?

வேண்டாம். செத்த செடி குளத்தின் அடியில் அழுகி ஆக்சிஜனைக் குறைக்கும், மீன் சாகும், அடுத்த வருடம் விதையிலிருந்து மறுபடி முளைக்கும். கோடையில் தண்ணீர் குறைந்திருக்கும்போது வாரிக் கரையேற்றி, சாணத்தோடு சேர்த்து மட்க வைத்தால் உரமாகும். கரையில் குவித்துவிட்டுப் போனால் முதல் மழையிலேயே திரும்பிவிடும். ஆகாயத்தாமரை இப்படிப் பெருகுகிறது என்றாலே எங்கிருந்தோ சாக்கடை கலக்கிறது என்று அர்த்தம். அந்தக் குழாயைக் கண்டுபிடிக்காமல் செடியை மட்டும் வாரிக்கொண்டிருந்தால் வருடா வருடம் செலவுதான்.

கிணறு வற்றுகிறது. போர் போடலாமா?

முதலில் கிணற்றைக் காப்பாற்றப் பாருங்கள். நம் ஊர் நிலத்தடியில் பெரும்பாலும் கடினப் பாறை. பாறையில் வெடிப்பு இருக்கும் இடத்தில்தான் தண்ணீர்; வெடிப்பு தப்பினால் போட்ட பணம் போச்சு. கிடைத்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் ஆழமாகப் போட்டால் உங்களுடையது வற்றும்.

1,000 சதுர அடி கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் விழுகிறது. சிதறுவது, ஆவியாவது போக 700 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். கூரைத் தண்ணீரைக் குழாயில் சேர்த்து, கூழாங்கல்லும் மணலும் போட்ட ஒரு வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றுக்குள் விடலாம். பருவத்தின் முதல் ஓரிரு மழையை வெளியே விட்டுவிட வேண்டும். கூரையில் இருக்கும் தூசியும் பறவை எச்சமும் அதில் போய்விடும். முற்றத்துத் தண்ணீரைக் கிணற்றுக்குள் விடவே கூடாது. 2003இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது நிறைய வீடுகளில் குழாய் போட்டார்கள். அந்தக் குழாய் இப்போது எங்கே முடிகிறது என்று ஒருமுறை பாருங்கள். பல வீடுகளில் தெரு ஓடையில் முடியும்.

கழிவுக்குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று பிரித்துக் கட்டிய வீடுகளில் இது சிரமம்தான். உங்கள் குழி பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கும். அப்படியானால் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

வெள்ளம் கிணற்றுக்குள் ஏறிவிட்டது. என்ன செய்வது?

2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் பலருக்கு வந்த கேள்வி இது. கலங்கல் தெளிந்த பிறகு கிணற்றுத் தண்ணீரின் அளவைக் கணக்கிடுங்கள். விட்டம் 2 மீட்டர், தண்ணீர் ஆழம் 3 மீட்டர் என்றால் ஏறக்குறைய 9,400 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கில் 24 கிராம் வரும். அழுக்கு அதிகம் சேர்ந்திருந்தால் இரட்டிப்பாகப் போடலாம். பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிந்ததை மட்டும் கிணற்றில் விட்டு, வாளியை இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். ஒரு மணி நேரமாவது கழித்துப் பயன்படுத்தலாம்.

மண் நிரப்பிய வயலைத் திரும்ப வயலாக்க முடியுமா?

வீடு கட்டாத வரை முடியும். நிரப்பிய சரலை எடுக்க வேண்டும், பழைய வரப்பு மட்டத்தைப் பிடிக்க வேண்டும், மடையைத் திறக்க வேண்டும். முதல் ஓரிரு போகம் விளைச்சல் சரியாக இராது. பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து மடக்கி உழுதால் மண் தேறும். தனி ஒருவர் செய்வதுதான் கஷ்டம். சுற்றிலும் தென்னை நிற்கும்போது நடுவே ஒரு வயலுக்கு மட்டும் தண்ணீர் கட்ட முடியாது. ஒரே மடையில் பாயும் ஆட்கள் சேர்ந்து முடிவெடுத்தால் நடக்கும்.

தரிசாகக் கிடக்கும் ஏலா என்றால் இன்னும் எளிது. உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார். ஆள் கூலி கட்டுப்படியாகாது என்று விட்டிருப்பார். ஊரில் இருக்கும் ஒரு குழு எடுத்துப் பயிரிட அவர் சம்மதித்தாலே போதும். நெல்லில் லாபம் குறைவுதான். அதை மறைத்துப் பேசி யாரையும் வயலுக்குள் இறக்க முடியாது. அந்த வயலால் நிறையும் கிணறுகளின் சொந்தக்காரர்களும் செலவில் பங்கெடுத்தால் என்ன என்று நான் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். இன்னும் கேட்பேன்.

ரப்பர் வெட்டி மறுநடவு செய்யும் விளையில் மண் அரித்துக்கொண்டு போகிறது. எப்படித் தடுப்பது?

கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு பக்கத்தில் மிக அவசரமான கேள்வி இது. பழைய மரத்தை வெட்டி, ஜே.சி.பி.யால் வேரைப் பறித்து, செம்மண் திறந்து கிடக்கும் நேரத்தில் ஜூன் மழை வந்து இறங்குகிறது. தோட்டில் (ஓடையில்) ஓடும் தண்ணீர் காப்பி நிறத்தில் போனால் உங்கள் மேல்மண் போகிறது என்று பொருள். அது கீழே இருக்கும் குளத்தில்தான் போய்த் தங்கும். 2017 நவம்பர் 30இல் ஓகி புயல் ஏராளமான ரப்பர் மரங்களைச் சாய்த்தபோது பல சரிவுகள் ஒரே நேரத்தில் இப்படித் திறந்தன.

வேலையைக் கோடையிலேயே முடித்து, மழைக்கு முன் மண்ணை மூடுங்கள். சமமட்டக் கோட்டில் தட்டு வெட்டி, தட்டு மலைப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும்படி விடுங்கள். பழைய கய்யாலையை (கல் வரப்பை) இடிக்காதீர்கள். தாத்தா காலத்தில் கல் பொறுக்கி அடுக்கியது அது. இன்றைக்குக் கட்டக் கூலி கொடுத்து முடியாது. தட்டுகளுக்கு இடையே நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி ஆழத்தில் மழைக்குழிகளை ஒன்றுக்கொன்று மாற்றி மாற்றி வெட்டினால் ஓடும் தண்ணீரும் மண்ணும் அதில் தங்கும். ஆனால் மிகச் செங்குத்தான சரிவிலும், முன்பு மண் சரிந்த இடத்திலும், சரிவுக்குக் கீழே வீடு இருக்கும் இடத்திலும் குழி வெட்டவே கூடாது. அங்கே தண்ணீரை உள்ளே இறக்குவது ஆபத்து. ஓடை வழியாக வெளியே கொண்டுபோக வேண்டும்.

மூடுபயிராக மியூக்குனா அல்லது பியூரேரியா படரவிட்டால் ஒரு பருவத்தில் மண் மறைந்துவிடும். களைக்கொல்லி அடித்துத் தரையைச் சுத்தமாக வைப்பதுதான் நல்ல விவசாயம் என்ற எண்ணம் இருக்கிறதே, சரிவு நிலத்துக்கு அது விரோதி. ஊடுபயிராகக் கைதச்சக்கை (அன்னாசி) போடுகிறவர்கள் வரிசையை மேலிருந்து கீழாக விடாமல், சரிவுக்குக் குறுக்கே நடுங்கள். மேலிருந்து கீழாக நட்டால் ஒவ்வொரு வரிசையும் ஒரு ஓடையாகும். தோட்டுக் கரையில் நிற்கும் தாழையையும் வெட்டாதீர்கள். அதன் வேர்தான் கரையைப் பிடித்திருக்கிறது.

தென்னந்தோப்பில் செலவில்லாமல் ஈரம் காக்க வழி உண்டா?

கதம்பையை (தேங்காய் மட்டையை) விற்காமல் புதையுங்கள். மரத்திலிருந்து ஐந்தடி தள்ளி வட்டமாகக் குழியெடுத்து, கதம்பையின் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி மண் மூடுங்கள். பருவமழைக்கு முன் செய்தால் ஐந்தாறு வருடம் பலன் தரும்.

கடலோரக் கிணறு உப்பாகிவிட்டது. திரும்புமா?

மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் இருந்தால் கீழே 40 அடி அளவுக்கு உப்பைத் தள்ளி வைக்கும். மோட்டார் போட்டு அந்த ஒரு அடியை உறிஞ்சினால் கீழிருந்து உப்பு அத்தனை வேகமாக மேலே வரும். ஆகவே ஆழமாக்குவது தீர்வல்ல. கொஞ்சம் கொஞ்சமாக, பல கிணறுகளிலிருந்து எடுக்க வேண்டும். மழைத் தண்ணீரை மணலிலேயே இறங்க விட வேண்டும். ஊருக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் தண்ணீர் நிறுத்த வேண்டும். ஆற்று முகத்துவாரத்தில் கடல் நீர் ஏறுவதைத் தடுக்கவும் வேண்டும். குழித்துறை தாமிரபரணியில் பரக்காணித் தடுப்பணை அதற்காகவே கட்டப்பட்டது. ஆற்றில் மணல் போனதால் படுகை இறங்கிய இடங்களில் உப்பு இன்னும் உள்ளே வரும்.

அதுவரை குடிநீருக்குக் குழாயை நம்பித்தான் ஆக வேண்டும். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். உங்கள் தெருவில் வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு நேரம் வருகிறது என்று பெண்கள் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், கூட்டத்தில் அதிகாரியிடம் பேச அதுவே ஆதாரம்.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் மழையே குறைவு. எங்களுக்கு என்ன வழி?

மேற்கில் சொல்வது உங்களுக்கு அப்படியே பொருந்தாது. உங்களுக்குக் காற்றுதான் முதல் எதிரி. மண்ணின் ஈரத்தை அதுவே உலர்த்துகிறது. வரப்போரமும் குளக்கரையிலும் பனை விதையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், காற்றுக்கு அசையாது, கரையைப் பிடிக்கும். நிற்கும் பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் ஊரக வேலைத் திட்டத்தில் எங்கள் குளத்தைச் சேர்க்க முடியுமா?

நீங்கள் ஊராட்சியா, பேரூராட்சியா என்பதைப் பொறுத்தது. குமரி மாவட்டத்தில் ஊராட்சிகள் 95. பேரூராட்சிகள் ஏறக்குறைய 50. பார்த்தால் வயலும் ரப்பருமாக இருக்கும் ஊர், தாளில் பேரூராட்சி. அங்கே நூறு நாள் வேலையும் இல்லை, கிராம சபையும் இல்லை. இது நம் மாவட்டத்தின் பெரிய குறை என்றே சொல்வேன். பேரூராட்சியில் இருப்பவர்கள் பகுதி சபையிலும் மன்றக் கூட்டத்திலும் மனுக் கொடுக்க வேண்டும்.

ஊராட்சி என்றால் வழி தெளிவு. 2022 முதல் வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்றைக்குக் குளத்தின் புல எண்ணோடும் வேலையின் விவரத்தோடும் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். ‘குளங்களைப் பாதுகாக்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதிய தீர்மானத்தை வைத்து யாரும் மதிப்பீடு போட மாட்டார்கள்.

குளத்தில் ஆக்கிரமிப்பு இருக்கிறது. சண்டை வராமல் என்ன செய்யலாம்?

2007ஆம் ஆண்டு குளங்கள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. முதல் படி, அளவை. குளத்தை அளந்து எல்லைக்கல் போடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஆள் பெயரைச் சொல்லிப் புகார் எழுதுவதைவிட இது நல்லது. கல் விழுந்த பிறகு யார் உள்ளே இருக்கிறார்கள் என்பது தானாகத் தெரியும். வேறு இடமில்லாமல் கரையில் குடிசை போட்டவரையும் குளத்தை மதில் கட்டி வளைத்தவரையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். முதலாமவருக்கு மாற்று இடம் கேட்பதும் உங்கள் மனுவிலேயே இருக்கட்டும்.

நாங்கள் நாலைந்து பேர்தான் இருக்கிறோம். கையில் பணமும் இல்லை. இந்த வருடம் ஒன்றே ஒன்று செய்யலாம் என்றால் எதைச் செய்வது?

மே மாதத்தில், சானல் திறக்கும் முன், உங்கள் குளத்துக்கு வரும் ஓடையைத் தலைப்பு மடையிலிருந்து குளம்வரை நடந்து பாருங்கள். அடைப்பு இருக்கும் ஒவ்வொரு இடத்தையும் போனில் படமெடுத்து, புல எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். மண்வெட்டியால் முடிவதை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். முடியாததை நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளருக்கு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஜூனில் தண்ணீர் விட்டதும் அதே வழியில் இன்னொரு தடவை நடந்தால், எது வேலை செய்தது, எது இன்னும் அடைந்திருக்கிறது என்று தண்ணீரே காட்டிவிடும்.